ஒரு ஷில்லிங் வாங்கிய மகள்: கிராமப் பாதிரியாரின் உயிலை எப்படிப் படிப்பது?

வாசகர் கேள்வி, ஜூலை 4

17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக் கிராமம் ஒன்றில் பாதிரியாராக இருந்தவரின் உயில் நகலைப் படித்துக்கொண்டிருக்கிறேன். மகனுக்கு நிலம். கல்யாணமாகாத மகள்களுக்கு ஆளுக்கு ஒரு தொகை. கல்யாணமான மூத்த மகளுக்கு ஒரே ஒரு ஷில்லிங். மனைவிக்கு வீட்டில் இரண்டு அறை, ஒரு கட்டில். இவ்வளவு வேதம் படித்த மனுஷர் மூத்த மகளை ஒதுக்கிவிட்டாரே, மனைவியைச் சொந்த வீட்டிலேயே ஒண்டுக்குடித்தனம் வைத்துவிட்டாரே என்று மனசு ஆறவில்லை. நான் புரிந்துகொண்டது சரிதானா?

ஜூலை 4, இரவு

மூத்த மகளை ஒதுக்கியிருக்க மாட்டார். அவளுக்குச் சேர வேண்டியதைக் கல்யாணத்தின்போதே கொடுத்து முடித்திருப்பார். பெயரே இல்லாமல் விட்டால், "எழுதும்போது அப்பாவுக்குச் சுயநினைவு இல்லை, பெற்ற மகளையே மறந்துவிட்டார்" என்று யாராவது கிளம்பலாம். அந்த வாயை அடைக்கத்தான் ஒரு ஷில்லிங். அக்கால உயில்களைப் பொதுவாகக் கடைசி மிச்சத்தைப் பிரிக்கும் தாள் என்றுதான் பார்க்க வேண்டும். அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு அப்பாவின் மனசை அளக்க முடியாது.

மனைவியின் இரண்டு அறை வேறு விஷயம். அதற்கு நிறைய சொல்ல வேண்டும். நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூலை 5

முதலில் அவரிடம் என்ன இருந்தது என்று பார்ப்போம். ஊரில் பெரிய மனிதர், கல்லால் கட்டிய வீடு, சுற்றிலும் நிலம், அறுவடை முடிந்தால் தசமபாகமாக வந்து சேரும் கதிர்க்கட்டும் ஆட்டுக்குட்டியும். இதில் எதுவும் அவருடையது இல்லை. வீடும் நிலமும் பதவியோடு வந்தவை. உயிரோடு இருக்கும்வரை ஆண்டு அனுபவிக்கலாம், விற்கவோ பிள்ளைக்கு எழுதிவைக்கவோ முடியாது. மூச்சு நின்ற நாளோடு வருமானமும் நின்றுபோகும். பக்கத்து வீட்டு விவசாயி இறந்தால் மறுநாளும் அவன் மனைவி அதே அடுப்பில்தான் சமைப்பாள். பாதிரியார் மனைவிக்கு அந்த உறுதி கிடையாது.

1536-இல் எட்டாம் ஹென்றி காலத்தில் வந்த ஒரு சட்டம் இதை எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தது பாருங்கள். பாதிரியார் தன் செலவில் கோயில் நிலத்தில் விதைத்துவிட்டு இறந்தால், நிற்கும் பயிரின் விளைச்சலை உயிலில் எழுதிவைக்கலாம். நிலம் அடுத்து வருகிறவருக்கு, அதன் மேல் நிற்கும் கோதுமை இறந்தவரின் குடும்பத்துக்கு. விதைக்காத நிலத்தையும் வீட்டையும் புதியவர் ஒரு மாத அறிவிப்பு கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். ஒரே மாதம்! கணவனைப் புதைத்த மண் காய்வதற்குள் பெட்டி கட்ட வேண்டும்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. வீட்டையும் கோயிலின் பீடப் பகுதியையும் பழுது பார்த்து வைத்திருப்பது பாதிரியாரின் கடமை. ஓடு சரிந்திருந்தால், உத்தரம் உளுத்திருந்தால், புதிதாக வருகிறவர் அந்தச் செலவை இறந்தவர் விட்டுப்போன சொத்திலிருந்து வழக்குப் போட்டு வாங்கலாம். வருமானம் குறைந்த ஊரில் முப்பது வருஷம் இருந்தவர் வீட்டை என்ன லட்சணத்தில் வைத்திருப்பார்? விதவைக்கு வரவேண்டிய பணத்தின் ஒரு பகுதி கூரை மராமத்துக்குப் போய்விடும்.

ஆக, இவர்கள் குடும்பத்துக்கு வழி செய்வது சாகும்போது நடந்த வேலை இல்லை. பதவியேற்ற முதல் வருஷத்திலிருந்தே தொடங்கவேண்டிய வேலை.

ஜூலை 5, பின்னிரவு

உங்கள் உயிலில் "நான் குடியிருக்கும் வீடு" என்று வந்தால், அது பதவியோடு வந்த வீடா அவர் சொந்தமாக வாங்கியதா என்று பார்த்துவிடுங்கள். மனைவிக்கு அறை ஒதுக்குகிறார் என்றால் அது சொந்த வீடாகத்தான் இருக்க முடியும். தனக்குச் சொந்தமில்லாத வீட்டில் அறை ஒதுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. அப்படியானால் இந்த மனுஷர் தன் வருமானத்தில் மிச்சம் பிடித்து ஒரு வீடு வாங்கியிருக்கிறார். இரண்டு அறை என்று நீங்கள் வருத்தப்பட்டதை இப்போது இன்னொரு தடவை படித்துப் பாருங்கள்.

ஜூலை 8

ரால்ஃப் ஜாஸ்லின். எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் எர்ல்ஸ் கோன் என்ற ஊரில் 1641 முதல் 1683-இல் சாகும்வரை பாதிரியார். நாட்குறிப்பு எழுதுகிற பழக்கம் இருந்ததால், உயிலுக்கு முன்னால் நாற்பது வருஷம் அவர் குடும்பத்துக்காக என்னென்ன செய்தார் என்று கூடவே இருந்து பார்ப்பது போலத் தெரிகிறது. நான் பல வருஷமாகத் திரும்பத் திரும்பப் படிக்கிற மனுஷர் இவர்.

அப்பா வழியில் இவருக்கு வந்தது சொற்பம். குடும்ப நிலம் அப்பா காலத்திலேயே கரைந்துவிட்டது. கேம்பிரிட்ஜில் படிக்கும்போது கையில் காசில்லாமல் ஊருக்குத் திரும்பியிருக்கிறார். அந்தப் பயம் கடைசிவரை அவரை விடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எர்ல்ஸ் கோனில் வருஷத்துக்கு 80 பவுண்டு என்று பேச்சு, முழுதாகக் கைக்கு வந்ததில்லை. அதனால் 1650-களில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலையும் பார்த்தார். மிச்சம் பிடித்ததையெல்லாம் நிலத்தில் போட்டார். துண்டு துண்டாக, ஒரு வயல், ஒரு தோப்பு என்று. ஊரில் மேரி சர்ச் என்று ஒரு அம்மாள் இந்தக் குடும்பத்தோடு ஒட்டுதலாக இருந்தவர். 1650-இல் அவர் இறந்தபோது இவர்களுக்குச் சொத்து விட்டுப்போனார். அதே நாட்களில், ஒரு வார இடைவெளியில், ஜாஸ்லினின் எட்டு வயது மகள் மேரியும் கைக்குழந்தை ரால்ஃபும் இறந்தார்கள். சொத்து வந்ததையும் குழந்தைகள் போனதையும் அந்தப் பக்கங்களில் ஒன்றாகப் படிக்கும்போது நெஞ்சு அடைக்கும்.

பத்துப் பிள்ளைகள். பெரியவர்களாகித் தகப்பனுக்குப் பின்னும் இருந்தவர்கள் ஐந்து பேர்தான்.

பிள்ளைகளுக்குச் செய்ததைக் காலவரிசையில் பாருங்கள். மகன்களை லண்டனில் தொழில் பழகச் சேர்த்தார். தொழில் பழக்குகிற முதலாளிக்கு அப்போது ஒரு தொகை கட்ட வேண்டும். மூத்த மகள் ஜேனை இன்னும் சிறுமியாக இருக்கும்போதே கால்செஸ்டருக்குப் படிக்க அனுப்பினார். மகள்களுக்குக் கல்யாணத்தில் சீதனம். இந்தச் செலவு எதுவும் உயிலில் வராது. உயில் எழுதும் நேரத்தில் அது முடிந்துபோன கணக்கு. ஜாஸ்லினின் உயிலை மட்டும் படித்த ஒருவர், மூத்த மகளை இவர் கண்டுகொள்ளவே இல்லை என்று நீங்கள் சொன்னது போலவே சொல்லக்கூடும்.

ஜூலை 8, சற்று நேரம் கழித்து

ஒன்று விட்டுப்போனது. 1662-இல், அரசுத் திருச்சபையின் ஜெபப் புத்தகத்தை முழுசாக ஏற்கவேண்டும் என்று வந்த சட்டத்துக்குப் பணிய மறுத்துச் சுமார் 2000 பாதிரியார்கள் வேலையை இழந்தார்கள். ஜாஸ்லினின் மனசு முழுக்க அவர்கள் பக்கம். ஆனாலும் அவர் வெளியேறவில்லை. கொஞ்சம் வளைந்துகொடுத்து, கொஞ்சம் கண்டும் காணாமல் இருந்து, அதே ஊரில் அதே பதவியில் இன்னும் இருபது வருஷம் ஓட்டினார். கோழை என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்த வருஷம் வீட்டில் ஜேன், ஜான், ஆன், மேரி, இரண்டு வயது எலிசபெத் என்று பிள்ளைகள் நிற்க, மூத்தவன் தாமஸ் இன்னும் தன் காலில் நிற்காத நேரம். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஜூலை 9

"கெட்டுப்போன பிள்ளையை என்ன செய்தார்?" என்று கேட்டவருக்கு.

தாமஸ் 1673-இல், 29 வயதில் இறந்தான். மிச்சம் இருந்த ஒரே மகன் ஜான். குடி, ஊதாரித்தனம், சொல்பேச்சு கேட்காமை. 1670-களின் நடுவில் ஒரு நாள் ஜாஸ்லின் அவனை உட்காரவைத்து, அம்மாவும் நான்கு சகோதரிகளும் பார்த்திருக்கப் பேசுகிறார். பேச்சின் சாரம் இது: கடவுளுக்குப் பயந்து, என் வேலையைப் பொறுப்பாகப் பார்த்து, கெட்ட வழியை விட்டால் நடந்ததையெல்லாம் மறக்கிறேன். உன் அம்மாவின் காலத்துக்குப் பிறகு முழுச் சொத்தும் உனக்கு. வயலிலும் வீட்டிலும் 100 பவுண்டு பெறுமான ஆஸ்தியும் விட்டுப்போகிறேன். நீ கட்டப்போகிறவள் கொண்டுவரும் சீதனத்தில் 400 பவுண்டு மட்டும் உன் சகோதரிகளுக்குக் கொடுத்துவிடு. திருந்தவில்லை என்றால் நிலத்தை வேறு விதமாக ஏற்பாடு செய்துவிட்டு, உனக்கு வாய்க்குச் சோறு கிடைக்கும் அளவுக்கு மட்டும் வழி பண்ணுவேன்.

இந்த இடத்தை நான் முதல்முதலில் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். மருமகள் கொண்டுவரும் பணத்தில் மகள்களைக் கட்டிக்கொடுப்பது! இதைப் புரிந்துகொள்ள நம் ஊர்க்காரர் எவருக்கும் உரை தேவையில்லை. எத்தனை வீடுகளில் தங்கச்சி கல்யாணத்துக்காக அண்ணன் கல்யாணம் முந்திக்கொண்டது என்று நமக்குத் தெரியும்.

இன்னொரு நேரம் கோபம் தலைக்கேறி, "நீ எனக்கு மகனே இல்லை, ஒழுங்காக வேறிடம் போய்ப் பிழைத்தால் வருஷம் 10 பவுண்டு தருகிறேன்" என்றும் எழுதியிருக்கிறார். ஆனால் அதே மூச்சில், அவன் கடவுளின் பிள்ளையாக நடந்தால் மறுபடி என் பிள்ளையாக ஏற்பேன் என்கிறார். 1681-இல் ஜான் அப்பாவுக்குத் தெரியாமல் கல்யாணமும் செய்துகொண்டான்.

கடைசியில்? உயிலில் ஜானுக்கு நிலம் உண்டு. அறுத்துவிடவே இல்லை.

ஜூலை 9, மாலை

"பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறப்புரிமை உண்டே, அதனால் அறுக்க முடியாமல் போயிருக்கும்" என்று ஒரு பதில் வந்திருக்கிறது. அங்கே அப்படி இல்லை. 1540-லேயே நிலத்தின் பெரும் பகுதியை உயில் மூலம் விரும்பியவருக்கு எழுதிவைக்கச் சட்டம் இடம் கொடுத்துவிட்டது. எஸ்ஸெக்ஸில் ஜாஸ்லின் நினைத்திருந்தால் ஜானை முழுசாக ஒதுக்கியிருக்கலாம். நம் வழக்கத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருவது வட இங்கிலாந்து. யார்க் பகுதியில் 1692 வரை, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அசையும் சொத்தில் கட்டாயப் பங்கு இருந்தது. மிச்சமிருந்த பங்கைத்தான் உயிலில் தன் இஷ்டத்துக்கு எழுத முடியும்.

உயிலே எழுதாமல் இறந்தால் நிலம் மூத்த மகனுக்கு. அசையும் சொத்தில், 1670-இல் வந்த சட்டப்படி மூன்றில் ஒன்று மனைவிக்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. கென்ட் பகுதியில் மகன்கள் எல்லோருக்கும் நிலம் சமம். சில ஊர்களில் கடைசி மகனுக்குத்தான் நிலம். எந்த ஊர் என்று தெரியாமல் ஒரு உயிலின் நியாயத்தைப் பேச முடியாது. கேட்ட நண்பர் இன்னும் ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை.

ஜூலை 13

இதில் எனக்கு ஏன் இவ்வளவு ஈடுபாடு என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

என் தாத்தா நெல்லைச் சீமையில் குருவானவர். ஊரில் "ஐயர்" என்பார்கள், பாட்டி "ஐயரம்மா". சேகரம், அதாவது அவர் பொறுப்பில் இருந்த சபைகள், மாறிக்கொண்டே இருந்ததால் அப்பாவும் அத்தைகளும் ஆளுக்கொரு குருமனையில் பிறந்தவர்கள். தாத்தா வேலையில் இருக்கும்போதே இறந்துவிட்டார். பாட்டி குருமனையைக் காலிசெய்துவிட்டு அதே ஊரில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தார். கிணற்றடியில் பாட்டி நட்டு வளர்த்த முருங்கை நின்றது. அதற்கப்புறம் காய் பறிக்கப் போனால், புதிதாக வந்த ஐயரம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் பறிப்பார். அவர்களும் நல்லவர்கள், கேட்கவே வேண்டாம் என்பார்கள். பாட்டி கேட்காமல் ஒரு நாளும் பறித்ததில்லை. 1536 சட்டத்தில் விதைத்த பயிர் பற்றிய வரியை முதல்முறை படித்தபோது எனக்கு அந்த முருங்கைதான் ஞாபகம் வந்தது.

தாத்தா உயில் எழுதவில்லை, எழுதிவைக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு சின்ன விளை, கொஞ்சம் பனை, புத்தகங்கள். ஆனால் அத்தைகள் இருவரையும் டீச்சர் டிரெயினிங் படிக்கவைத்திருந்தார். பாட்டி கடைசிவரை இருந்தது அந்தச் சம்பளங்களில்தான். பத்திர அலுவலகத்தில் தேடினால் தாத்தா தன் மகள்களுக்கு எதுவும் கொடுக்காதவர்.

ஜூலை 14

ஜாஸ்லின் கெட்டிக்காரர், நிலம் சேர்த்தார். சேர்க்க முடியாதவர்கள் கதைதான் அதிகம். லிங்கன்ஷயரில் எப்வொர்த் ஊரின் சாமுவேல் வெஸ்லி. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் அப்பா.

பத்தொன்பது பிள்ளைகள் பிறந்து, பிழைத்து வளர்ந்தவர்கள் பத்து. மூன்று மகன், ஏழு மகள். வருமானம் மோசம் என்று சொல்ல முடியாது, ஆனால் கடன் விட்டபாடில்லை. 1705-இல் 30 பவுண்டுக்கும் குறைவான ஒரு கடனுக்காக லிங்கன் கோட்டைச் சிறையில் கிடந்தார். 1709-இல் வீடு எரிந்தது. மகன்கள் மூவரையும் ஆக்ஸ்ஃபோர்டு வரை படிக்கவைத்தார். அதுதான் அவர் விட்டுப்போன ஆஸ்தி. மகள்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

அவர் சிறையில் இருந்த சமயம் யார்க் பேராயர் ஷார்ப், சாமுவேலின் மனைவி சூசன்னாவிடம், "சோற்றுக்கே இல்லாமல் இருந்ததுண்டா?" என்று கேட்டார். சூசன்னா சொன்ன பதிலை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். சோறு இல்லாமல் இருந்ததில்லை. ஆனால் சாப்பிடும் முன் அதைச் சம்பாதிக்கவும், சாப்பிட்ட பின் அதற்குக் காசு கொடுக்கவும் பட்ட பாட்டில், அந்தச் சோறு பல நேரம் ருசித்ததில்லை.

1735 ஏப்ரல் 25-இல் சாமுவேல் இறந்தார். அடக்கம் நடந்த அன்றைக்கே, குத்தகை நிலத்துச் சொந்தக்காரி 15 பவுண்டு பாக்கிக்காக வீட்டின் கால்நடை மொத்தத்தையும் ஜப்தி செய்துவிட்டாள். அவற்றின் மதிப்பு 40 பவுண்டுக்கு மேல். இளைய மகன் சார்லஸ் தன் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில் இது இருக்கிறது. மொத்தக் கடன் 100 பவுண்டுக்கு மேல் என்றும் அதே கடிதம் சொல்கிறது. மாடுகளை மீட்க ஜான் கடன்பத்திரம் எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு பக்கம் அப்பாவின் பெட்டி வெளியே போகிறது, மறுபக்கம் தொழுவத்திலிருந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு போகிறார்கள்.

சூசன்னா அப்புறம் பிள்ளைகள் வீடுகளில் மாறி மாறி இருந்து, 1742-இல் லண்டனில் ஜானின் இடத்தில் இறந்தார்.

ஜூலை 15

அந்தக் குடும்பத்தைக் காப்பாற்ற ஒரே ஒரு வழி இருந்தது. அப்பாவின் பதவி மகனுக்கு வந்தால் வீடு கையை விட்டுப் போகாது, அம்மாவும் கல்யாணமாகாத மகள்களும் அங்கேயே இருக்கலாம். பதவியை உயிலில் எழுத முடியாது, ஆனால் நியமிக்கும் அதிகாரம் உள்ளவர்களைப் பிடித்து மகனுக்கு வாங்கித் தரலாம். கிராமப் பாதிரியார் குடும்பங்களில் இதுதான் மெய்யான வாரிசு ஏற்பாடு.

சாமுவேல் முதலில் மூத்தவனைக் கேட்டார், அவன் மறுத்துவிட்டான். அப்புறம் ஜானைக் கெஞ்சினார். நாற்பது வருஷம் உழைத்த இடம், உன் அம்மாவின் கதி என்ன என்று யோசி என்றெல்லாம் எழுதினார். 1734 டிசம்பரில் ஜான், எண் போட்டு அடுக்கிய நீண்ட கடிதம் ஒன்றை அப்பாவுக்கு எழுதினார். ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தால்தான் தன் ஆத்துமா சீராக இருக்கும், அதனால் பிறருக்கும் அதிகப் பயன் என்பது வாதம். கடைசி மாதங்களில் மனம் மாறி முயன்றும் கிடைக்கவில்லை.

வாலிபத்தில் இதைப் படித்தபோது ஜான் பக்கம் நின்றேன். அழைப்பு என்று ஒன்று இருக்கிறது, ஊர் ஊராகப் போகவேண்டியவரை ஒரு குருமனையில் கட்டிப்போட முடியுமா என்று நினைத்தேன். இப்போது அவ்வளவு சுலபமாகச் சொல்ல வரவில்லை. அந்தக் கடிதத்தில் எண் எண்ணாக வருவது ஜானின் ஆத்துமா. மாட்டுத்தொழுவம் அதில் வரவில்லை.

ஜூலை 15, இரவு

மகன் அப்பாவின் இடத்துக்கு வந்தாலும் அம்மாவும் தங்கைகளும் தப்பித்தார்கள் என்று உறுதியில்லை. ஹாம்ப்ஷயரில் ஸ்டீவன்டன் ஊர்ப் பாதிரியார் ஜார்ஜ் ஆஸ்டின் ஓய்வெடுத்து பாத் நகருக்குப் போனபோது மூத்த மகன் ஜேம்ஸ் அந்த வீட்டுக்கு வந்தார். மூத்தவரின் வருமானத்துக்கு வழி பிறந்தது, சரி. 1805 ஜனவரியில் ஜார்ஜ் இறந்ததும் மனைவி, மகள்கள் கசாண்ட்ரா, ஜேன் மூவருக்கும் சேர்த்து வருஷம் சுமார் 210 பவுண்டுதான் மிச்சம். கசாண்ட்ராவின் பங்கும்கூட, கல்யாணத்துக்கு முன் இறந்துபோன மாப்பிள்ளை விட்டுப்போன 1000 பவுண்டின் வட்டி. அண்ணன் தம்பிமார் ஆளுக்கு 50, வசதியான எட்வர்ட் 100 என்று போட்டு வருமானத்தை 450 பவுண்டுக்கு மேல் கொண்டுவந்தார்கள். ஜார்ஜின் உயில் என்னவோ மிகச் சின்னது, எல்லாம் மனைவிக்கு. மூன்று பெண்களைத் தாங்கியது மகன்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு.

ஜூலை 20

"17-ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய காலத்தில்?" என்று கேட்டவருக்கு. 1549 வரை பாதிரியார் கல்யாணமே செய்யக்கூடாது. அந்த வருஷம் அனுமதி வந்தது. 1552-இல் அவர்களுக்குப் பிறந்தவர்கள் முறையான பிள்ளைகள்தான் என்று சட்டம் தெளிவாக்கியது. மறு வருஷமே மேரி அரசி இரண்டையும் ரத்து செய்தார். எலிசபெத் அரசியானதும் கல்யாணத்தை நடைமுறையில் அனுமதித்தாலும், பழைய சட்டம் மறுபடி உயிர்பெற்றது 1604-இல்தான். நடுவில் அரை நூற்றாண்டு, பாதிரியார் மனைவி சட்டப்படி மனைவியா, பிள்ளை வாரிசா என்று கேள்வி கேட்க இடம் இருந்தது. அந்த வருஷங்களின் உயில்களில் பிள்ளைகளைப் பேர் சொல்லி, தெளிவாக, ஒவ்வொருவருக்கும் எழுதிவைப்பதன் பின்னால் இந்தப் பயமும் இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். பேர் போட்டு எழுதிவிட்டால் முறைப்படி வாரிசா இல்லையா என்ற பேச்சுக்கே தேவையில்லை.

ஜூலை 23

விதவைகளுக்குத் திருச்சபை எதுவுமே செய்யவில்லையா என்று கோபமாக எழுதியிருக்கிறார் ஒருவர். செய்தது, ஆனால் எல்லோருக்கும் எட்டவில்லை. ராச்செஸ்டர் ஆயர் ஜான் வார்னர் 1666-இல் இறந்தபோது எழுதிவைத்த பணத்தில் ப்ராம்லியில் இருபது விதவைகளுக்கு வீடு கட்டினார்கள். பாதிரியார்களின் பிள்ளைகளே சேர்ந்து நடத்திய ஒரு சங்கத்துக்கு 1678-இல் அரசர் பட்டயம் கொடுத்தார். ஆண்டுதோறும் ஆராதனை வைத்து, காணிக்கை எடுத்து, நொடித்துப்போன பாதிரியார் குடும்பங்களுக்கு உதவினார்கள். இருபது வீடும் ஒரு காணிக்கையும் ஒரு தேசத்துக்கு எம்மாத்திரம்?

எனக்கு மலைப்பாக இருப்பது ஸ்காட்லாந்து. ராபர்ட் வாலஸ், அலெக்ஸாண்டர் வெப்ஸ்டர் என்ற இரண்டு போதகர்கள் ஊர் ஊராகக் கணக்குக் கேட்டு வாங்கினார்கள். எந்த நேரத்திலும் சுமார் 930 போதகர்கள் உயிரோடு இருக்கிறார்கள், வருஷத்துக்கு 27 பேர் இறக்கிறார்கள், அதில் 18 பேர் மனைவியை விட்டுவிட்டுப் போகிறார்கள். இந்த எண்களை வைத்து, ஒவ்வொரு போதகரும் எவ்வளவு கட்டினால் ஒவ்வொரு விதவைக்கும் எவ்வளவு கொடுக்கலாம் என்று போட்டார்கள். எடின்பரோ கணிதப் பேராசிரியர் மெக்லாரின் கணக்கைச் சரிபார்த்தார். 1744-இல் சட்டமாயிற்று. கட்டும் தொகைக்கு ஏற்ப விதவைக்கு வருஷம் 10 பவுண்டிலிருந்து 25 பவுண்டு வரை. உலகத்தின் ஆயுள் காப்பீட்டுக் கணக்கே இங்கிருந்து தெளிவடைந்தது என்கிறார்கள். சூசன்னா வெஸ்லி இறந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

ஜூலை 24

மனைவிக்கு ஒதுக்கும் அறைகளுக்கு வருகிறேன். முதல் நாளிலிருந்து தள்ளிப்போட்டது.

அந்த வரிகளை எழுதுபவர் பல வீடுகளைப் பார்த்தவர். ஊரில் எழுதத் தெரிந்த சிலரில் ஒருவர், மற்றவர்களின் மரணப் படுக்கையில் உட்கார்ந்து உயில் எழுதிக்கொடுத்தவரும் பல நேரம் அவர்தான். மகன் கல்யாணம் செய்தபின் அம்மா அடுப்பங்கரை மூலைக்குப் போவதை எத்தனையோ தடவை பார்த்திருப்பார். அதனால்தான் இப்படிப்பட்ட உயில்களில் எந்த அறை, எந்தப் படிக்கட்டு வழியாகப் போகவர, எந்தக் கிணற்றில் தண்ணீர், தோட்டத்துப் பழத்தில் எவ்வளவு, விறகு எவ்வளவு என்று சின்னச் சின்னதாக எழுதுவார்கள். "மகன் அம்மாவைப் பார்த்துக்கொள்வான்" என்று ஒரு வரியில் முடித்துவிட்ட அப்பாவைவிட இப்படி எழுதியவர்மேல் எனக்கு மரியாதை அதிகம். வீடு மகன் பெயருக்குப் போனாலும் அந்த இரண்டு அறைக்கும் கிணற்றுக்கும் அவளை யாரும் தடுக்க முடியாது.

அவளுக்கென்று தனியாக நிலம் இருந்திருக்கவும் வாய்ப்புண்டு. கல்யாணத்தின்போதே, கணவன் இறந்தால் இந்த நிலத்தின் வருமானம் இவளுக்கு என்று எழுதிவைப்பது வழக்கம். அதுவும் உயிலில் மறுபடி வரவேண்டியதில்லை.

ஆகஸ்ட் 2

ஜாஸ்லின் மகள் மேரி பற்றி ஒன்று சொல்லவேண்டும். 1681-இல் அவளுக்கு ஒரு வரன் வந்தது. அப்பாவுக்குப் பிடித்திருந்தது. அவள் வேண்டாம் என்றாள். காரணங்களையும் அப்பா எழுதிவைத்திருக்கிறார். தன்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர், பிள்ளைகளோடு என்னை விதவையாக விட்டுப்போகலாம். நான் கொண்டுபோகும் சீதனத்துக்கு அவர் சொத்து ஈடாகாது. என்மேல் பிரியம் இருப்பதாகவும் தெரியவில்லை. ஜாஸ்லினுக்கு வருத்தம். ஆனாலும் இருவர் வாழ்க்கையும் பாழாகும் என்று அவள் சொன்னபின் தன்னால் வற்புறுத்த முடியவில்லை என்கிறார்.

தன் சீதனம் எவ்வளவு, எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது, விதவையானால் என்ன ஆகும் என்று இருபத்துச் சொச்சம் வயதுப் பெண் கணக்குப் போட்டுப் பேசியிருக்கிறாள். பேச முடிந்ததற்குக் காரணம், அவள் பேரில் ஒரு தொகை இருந்தது எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருஷம் கழித்து வேறொருவரைக் கட்டிக்கொண்டாள். அதே வருஷம்தான் அப்பாவும் போனார்.

ஆகஸ்ட் 3

கேட்ட நண்பருக்கு. ஒரு ஷில்லிங் சில வீடுகளில் உண்மையாகவே தண்டனைதான். அப்படி எழுதுகிறவர் பெரும்பாலும் காரணத்தையும் சேர்த்தே எழுதுவார்: சொல் கேட்காததால், என் சம்மதமில்லாமல் கட்டிக்கொண்டதால் என்று. உங்கள் உயிலில் அப்படி ஒரு சொல்லும் இல்லை என்றால் நான் முதல் நாள் சொன்னதுதான் பொருந்தும். உறுதி செய்ய மூன்று இடம் தேடுங்கள். மகளின் கல்யாணம் நடந்த ஊர்ப் பதிவேட்டில் வருஷம். அந்த வருஷத்தை ஒட்டி அப்பா நிலம் ஏதாவது விற்றோ அடகு வைத்தோ இருக்கிறாரா என்று நிலம் கைமாறுவதைப் பதிந்துவைத்த ஊர்ப் பண்ணை நீதிமன்றச் சுருள்களில். அப்புறம், இறந்தபின் எடுத்த பொருள் பட்டியல் உயிலோடு சேர்ந்து கிடைக்கிறதா என்று. 1529 சட்டத்தால் அந்தப் பட்டியல் எடுப்பது வழக்கமாகியிருந்தது. தலையணை முதல் பன்றிக்குட்டி வரை விலை போட்டிருப்பார்கள்.

பட்டியல் கிடைத்தால் மனைவிக்குக் கொடுத்த கட்டில் என்ன விலை என்று மட்டும் இங்கே போடுங்கள். இறகு மெத்தையும் திரையுமாகக் கொடுத்திருந்தால் பல வீடுகளில் அதுதான் இருப்பதிலேயே விலை கூடின சாமான். ஊர்ப் பெயரையும் சொல்லுங்கள், மீதியைச் சேர்ந்து பார்ப்போம்.